குச்சி சொன்ன பொய்

பிப்ரவரி 6, செவ்வாய்

ஓய்வுபெற்ற வாத்தியாரின் பல் செட் மூன்றாவது முறையாக எங்கள் பல் லேபுக்குத் திரும்பி வந்துவிட்டது. கடிக்கும்போது இடது பக்கம் தட்டுகிறதாம். முதலாளி டப்பாவை என் மேஜை மேல் வைத்த விதமே போதும், வாயைத் திறந்து திட்டவில்லை என்பதுதான் பாக்கி. பக்கத்து மேஜையில் அச்சு மாவு கலக்குகிறவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வாயாடி. அவள் சும்மா இருப்பாளா? "வீட்டுல பேச ஆளில்லாம பல்லை அனுப்பி அனுப்பி வெளையாடறாரு போல" என்றாள். சிரித்துவிட்டேன். மாஸ்க் போட்டிருந்ததால் முதலாளிக்குத் தெரியவில்லை.

அச்சை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். மாவு ஊற்றும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழி நின்றிருக்கிறது. குண்டூசித் தலை அளவுதான். ஆனால் அதன் மேல் அடுக்கிய பல் எல்லாம் கோணல். புதிதாக அளவு எடுத்து அனுப்பச் சொல்லியாயிற்று.

வீட்டுக்கு வந்து துணிக்கூடையைத் தூக்கினேன். அத்தை ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். "நீ எதுக்குத் தூக்கற? வை, வை." மாமியார் கூடையைப் பிடுங்கினால் எந்த மருமகளும் சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கோ சந்தேகம்தான் வந்தது. அத்தை மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறார். எனக்கு இந்த மாதம் இன்னும் வரவில்லை, போன மாதமும் வரவில்லை. இது என் உடம்புக்குப் புதிதில்லை. வயசுக்கு வந்த நாளிலிருந்தே அது இஷ்டப்பட்டால் வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் ஆளே காணோம். ஆனால் அத்தை, மாமா தவறிய பிறகு இப்போதுதான் எங்களோடு வந்து இருக்கிறார். அவருக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 8

காலையில் கர்ப்ப டெஸ்ட் செய்து பார்த்தேன். ஒரே கோடு. இல்லை. காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய் வேலை செய்கிற இடத்துக் குப்பையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

பிப்ரவரி 11, ஞாயிறு

இதை எழுதாமல் விட்டால்தான் நல்லது. ஆனாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரம், அண்ணி வந்தார். இவருடைய அக்கா. பை நிறையப் பழம். வந்ததும் வராததுமாக என் கன்னத்தைக் கிள்ளி, "கள்ளி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றார். பைக்குள்ளிருந்து ஒரு குட்டிச் சட்டை வெளியே வந்தது. மஞ்சள் நிறம். அதன் கை என் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஜன்னலைப் பார்த்தார். அதற்குள் இவருடைய சித்தப்பாவின் போன், அதுவும் ஸ்பீக்கரில். "டேய், கேள்விப்பட்டேன்டா. இப்பத்தான் எனக்கு நிம்மதி."

இவர் என் பக்கம் திரும்பினார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. நிஜமா என்று கேட்கிற முகம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லைங்க" என்றேன். குரல் சத்தமாக வந்துவிட்டது. "டெஸ்ட் பண்ணிட்டேன். ஒண்ணும் இல்ல."

"நாள் தள்ளிப் போயிருக்கேம்மா?" என்றார் அத்தை. குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி.

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் புகுந்தார். "அவளை எதுக்கும்மா கேக்கற? உனக்குத்தான் சொல்லியிருக்கேனே, குறை எங்கிட்டன்னு. அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் போன் போட்ட?"

சித்தப்பா இன்னும் லைனில் இருந்தார். அண்ணிக்கு இதுவரை அந்த விஷயமே தெரியாது. ஒரு பெரிய மனுஷன், லிஃப்ட் மெக்கானிக்காக ஊரையே ஏற்றி இறக்குகிறவர், அக்கா முன்னால், சித்தப்பா காதுபட, கையில் பாதி உரித்த பழத்தோடு நின்று இதைச் சொன்னார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அண்ணி கிளம்பும்போது பழத்தை வைத்துவிட்டுச் சட்டையை எடுத்துப் போனார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வைத்துவிட்டுப் போயிருந்தால் நான் அதை எங்கே வைத்திருப்பேன்?

இவரிடம்தான் குறை என்று நாங்கள் இருவரும் முடிவு செய்து இரண்டு வருஷம் இருக்கும். காரணம் அந்தக் குச்சி. முட்டை வெளியே வரப்போகிறதா என்று பார்க்கிற குச்சி, மருந்துக் கடையில் கிடைக்கும். கல்யாணமாகி இரண்டாம் வருஷத்திலிருந்து அதில்தான் பார்த்துவருகிறோம். எப்போது பார்த்தாலும் இரண்டு கோடு, பளிச்சென்று. மாதவிடாய் வராமல் போனால் என்ன, முட்டை வருகிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு இவருக்கு டெஸ்ட் எடுத்தபோது "எண்ணிக்கை கொஞ்சம் கம்மி" என்று லேபில் யாரோ சொன்னார்கள். சரி, விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். இவரே போய் அத்தையிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தைக்கு என்மேல் தனிக் கரிசனம். ஏமாந்துபோன பெண்ணை நடத்துவது போல நடத்துவார்.

அதனால்தான் இத்தனை சந்தோஷம் அத்தைக்கு. பேரப்பிள்ளைக்காக மட்டும் இல்லை. பிள்ளையின் மானம் திரும்பி வந்துவிட்டது என்ற சந்தோஷம்.

பிப்ரவரி 12

இவர் காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார். பழம் அப்படியே மேஜையில் இருக்கிறது. யாரும் தொடவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

வேறு டாக்டரிடம் போவோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இவருக்கு வைத்தியம் பார்க்கத்தான் போனோம். ஆனால் அந்த அம்மா இவரை விட்டுவிட்டு என்னைத்தான் துருவித் துருவிக் கேட்டார். எப்போது வரும், எப்படி வரும், எடை எப்போது ஏற ஆரம்பித்தது. பிறகு, "மாஸ்க்கைக் கொஞ்சம் எடுங்க" என்றார். வேலையிலிருந்து நேராகப் போயிருந்தேன், கழற்றவே மறந்துவிட்டேன். மறந்தேனா? மாவுத் தூசிக்காகப் போடுகிற மாஸ்க்தான், ஆனால் மோவாயில் முளைக்கிற முடிக்கும் அது வசதி. டாக்டர் என் மோவாயை ஒரு முறை பார்த்தார். உடனே ஸ்கேனுக்கு எழுதினார்.

திரையில் கறுப்புக் கறுப்பாக, சின்னச் சின்னதாக, ஓரத்தில் வரிசை கட்டி நின்றன. இரண்டு பக்கமும்.

"சினைப்பையில நீர்க்கட்டின்னு சொல்வாங்க. பிசிஓஎஸ்" என்றார் டாக்டர்.

கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஆபரேஷன் பண்ணி எடுத்துட முடியாதா டாக்டர்?"

"எடுக்க அங்க என்ன இருக்கு? கட்டின்னு பேரு வெச்சதே தப்பு. மாசா மாசம் ஒரு முட்டை வளர்ந்து வெளிய வரணும். இவங்களுக்கு நாலஞ்சு ஒண்ணா வளர ஆரம்பிக்கும், ஒண்ணுகூட முழுசா வளராம பாதியில நின்னுடும். நின்னுபோனதுங்கதான் இங்க தெரியறது. முட்டை வெளிய வந்தாத்தானே அடுத்து மாதவிடாய் ஒழுங்கா வரும்? அதான் நாள் தவறுது. முடி, எடை, எல்லாம் இதோட சேர்ந்ததுதான். ஹார்மோன் தாறுமாறா இருக்கு, இன்சுலின் சரியா வேலை செய்யல. இவங்க சாப்பிட்டுச் சாப்பிட்டு வரவழைச்சுக்கிட்டது இல்ல இது. அப்படி யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க."

"ஆனா குச்சியில ரெண்டு கோடு வருதே டாக்டர்" என்றேன். வாதாடுகிற மாதிரி கேட்டேன். "நாலு வருஷமா வருதே!"

"அது முட்டையைப் பாக்கறது இல்லம்மா. முட்டை வர்றதுக்கு முன்னாடி ஏறற ஒரு ஹார்மோனைப் பாக்குது. உங்களை மாதிரி நிறையப் பேருக்கு அது சும்மாவே ஏறித்தான் இருக்கும். அதனால ரெண்டு கோடு வந்துக்கிட்டேதான் இருக்கும். உங்க விஷயத்துல அந்தக் குச்சி பொய்தான் சொல்லியிருக்கு."

இவருடைய பழைய ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். "இதுல குறைன்னு யார் சொன்னது? இது சாதாரணம்தான்."

இவர் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். டாக்டருக்கு அது புரியவில்லை, நல்ல செய்திதானே சொன்னேன் என்பது போலப் பார்த்தார். "பயப்படாதீங்க. இது இருந்தும் நிறையப் பேர் குழந்தை பெத்துக்கறாங்க. கொஞ்சம் தாமதமாகும், கொஞ்சம் உதவி வேணும், அவ்வளவுதான்" என்றார்.

பிப்ரவரி 21

நேற்று வரும் வழியில் பஸ்ஸில் நான் அழுதேன், இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இறங்கி நடக்கும்போது சொன்னார். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

"ஏங்க? உங்ககிட்ட ஒரு குறையும் இல்லன்னு சொல்லிட்டாங்களே. சொல்ல வேணாமா?"

"சொன்னா அடுத்தது உன்னைப் பிடிப்பாங்க. எனக்குப் பழக்கமாயிடுச்சு. இருந்துட்டுப் போகட்டும் விடு."

இருந்துட்டுப் போகட்டுமாம்! இந்த மனுஷன் எனக்காக என்னென்ன செய்தார். சிகரெட்டை விட்டார், சரி, அது நல்லதுதான். உடம்புச் சூடு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெந்நீர்க் குளியலை விட்டார். விளம்பரத்தில் பார்த்து ஏதோ கசப்புப் பொடி வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அதே சூட்டுக்குப் பயந்து சைக்கிளை விற்றார். எல்லாம் எதற்கு? ஒரு குச்சியை நான் நம்பினதற்கு. பல்லை அடுக்கும்போது ஒரு நூல் தள்ளிப்போனால்கூட மூன்று கருவி வைத்துச் சரிபார்க்கிறவள் நான்! என் உடம்பு விஷயத்தில் மருந்துக் கடைக்காரன் நீட்டியதை வாங்கி அப்படியே நம்பினேன்.

மார்ச் 3, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் செய்தேன். நோயின் பெயரைச் சொன்னதும், "அதுவா? உனக்குப் பத்தொம்பது வயசிலயே டாக்டர் ஏதோ சொன்னாரே, கல்யாணம் ஆனா சரியாயிடும்னு" என்றார்.

"வேற என்ன சொன்னாரும்மா?"

"வேற என்ன சொன்னார்... எடையைக் குறைக்கணும்னார். சாப்பிடற பொண்ணுகிட்ட எப்படிடீ அதைச் சொல்றது?"

திட்ட வேண்டும் என்றுதான் போன் போட்டேன். முடியவில்லை. அம்மா குரலில் பயம் தெரிந்தது. ஒரு டாக்டர் சரியாயிடும் என்றால் எந்த அம்மா நம்பமாட்டாள்? கல்யாணம் என்ன மருந்தா என்று அந்த டாக்டரைத்தான் கேட்டிருக்க வேண்டும். அவர் இப்போது இருக்கிறாரோ இல்லையோ.

மார்ச் 6

மாத்திரை போட்டு வரவழைத்தாயிற்று. அத்தை பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். மகனைப் பார்த்துத்தான் விட்டார், என்னைப் பார்த்து இல்லை.

மார்ச் 19

ஒன்று வளர்ந்திருக்கிறது!

முட்டை வளர்வதற்கென்று ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். இன்று ஸ்கேன். டாக்டர் திரையில் விரலை வைத்து, "பாருங்க, இவர் ஒருத்தர் மட்டும் கூட்டத்தை விட்டு முன்னாடி வந்துட்டார்" என்றார். மற்றவையெல்லாம் மிளகு என்றால் இது திராட்சை. நான் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். இத்தனை வயசில் என் உடம்பு ஒரு வேலையை முழுசாகச் செய்து இன்றுதான் பார்க்கிறேன்.

இவரிடம் போனில் சொன்னதும், "நீ பாத்தியா? கண்ணால பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். வேலைக்கு நடுவில் எந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டு நின்றாரோ, குரல் குழாய்க்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆனால் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

சாயங்காலம் இருவரும் நடந்தோம். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று கால் வலிக்கவில்லை.

ஏப்ரல் 3

வந்துவிட்டது. வரவழைக்கிற மாத்திரை இல்லாமல், தானாக, சரியான நாளில்.

சின்ன வயசிலிருந்து வா, வா என்று கூப்பிட்டும் வராதது, இன்றைக்கு மட்டும் வராதே என்று வேண்டிக்கொண்டபோது டாணென்று வந்து நிற்கிறது. டாக்டர் போனில், "ஒழுங்கா வந்திருக்கே, நல்ல அறிகுறிதான்" என்றார். நல்ல அறிகுறியாம். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 2

வந்துவிட்டது.

மே 14

வாயாடி இன்று என் மாஸ்க்கைப் பிடித்து இழுத்துவிட்டாள், விளையாட்டாகத்தான். மோவாயைப் பார்த்ததும் அவள் வாய் அடைத்துப்போனது. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் பார்க்காமலே மாவைக் கலக்கிக்கொண்டு, "எனக்கும் உண்டு. வாரத்துக்கு ஒருதரம் எடுத்துடுவேன். நல்ல ஆள் ஒருத்தி இருக்கா, வேணும்னா கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவளுக்கு இரண்டு குழந்தைகள். அப்படியென்றால்? ஒரே நோய், ஒருத்திக்குக் கொடுக்கிறது, ஒருத்திக்குக் கொடுக்கமாட்டேன் என்கிறது. அவள்மேல் பொறாமையாக இருந்தது. என்மேல் இரக்கப்பட்டவள் மேலேயே பொறாமை, நல்ல மனசு எனக்கு!

மே 31

வந்துவிட்டது. இந்தத் தடவை இவரிடம் வாயால் சொல்லவில்லை. நாப்கின் வாங்கி வந்த மருந்துக் கடைப் பையை மேஜை மேல் வைத்தேன். பார்த்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய், ரொம்ப நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

ஜூன் 16, ஞாயிறு

எடை குறைந்திருக்கிறது. எல்லோரும் அழகாகிவிட்டேன் என்கிறார்கள். அண்ணி வந்திருந்தார், "என்ன பண்ணற, எனக்கும் சொல்லிக்குடு" என்றார். போகும்போது தம்பியின் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். காய்ச்சல்காரனைத் தடவுகிற மாதிரி. இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம்.

ஜூன் 29

வந்துவிட்டது. மாத்திரையின் அளவைக் கூட்டியும் இதே கதைதான். முட்டை வளர்கிறது, வெளியே வருகிறது, அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. "எல்லாருக்கும் முதல் சில மாசத்துலயே கரு நின்னுடாது" என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலும் மாத்திரையை விழுங்க முடியும் என்று கற்றுக்கொண்டேன்.

ஜூலை 29, திங்கள்

முந்தாநாள் வந்துவிட்டது. இன்று டாக்டரிடம் போனோம். அடுத்து ஊசி, அதற்கும் மேலே போனால் வெளியே வைத்துக் கருவாக்கி உள்ளே வைப்பது. எல்லாம் பொறுமையாகச் சொன்னார். இவர் என்னைப் பார்த்தார். "எனக்குக் கொஞ்ச நாள் ஒண்ணும் வேண்டாம் டாக்டர்" என்றேன். எனக்கே ஆச்சரியம், வாய் தானாகச் சொன்னது.

"சரி, நிறுத்தி வெப்போம். ஆனா உங்களை நிறுத்தாதீங்க" என்றார். "நடையை விடாதீங்க. வருஷத்துக்கு ஒருதடவை சுகர் பாருங்க. ரெண்டு மூணு மாசம் வராம இருந்தா வந்து என்னைப் பாருங்க, வரவழைக்க மாத்திரை தர்றேன். வராம விட்டா கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும், பின்னால அது ஆபத்து. குழந்தை வேணுமோ வேணாமோ, இது உங்களோட இருக்கப்போற விஷயம்."

வெளியே வந்ததும் இவர் சொன்னார். "எனக்கு நீ போதும்." நல்ல வார்த்தைதான். எனக்குக் கோபம் வந்தது. இவருக்குப் போதும் என்றால் வேண்டும் என்று ஏங்குகிறவள் நான் ஒருத்திதானா? அதை நான் யாரோடு சேர்ந்து ஏங்குவது?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இவர் வேலைக்குப் போயிருந்தார், எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். அத்தை என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை ஈரமாகவே இல்லை.

"இத்தனை மாசமா நீ மாத்திரையா விழுங்கற. அவன் பண்ணின பாவத்துக்கு நீ எதுக்கு உடம்பைக் கெடுத்துக்கணும்? நானும் பொம்பளைதான். உனக்கு வயசு இருக்கு. நீ வேற ஒரு வாழ்க்கை அமைச்சுக்கணும்னு நெனச்சா நான் குறுக்கே நிக்க மாட்டேன். என் புள்ளைன்னு பாக்க மாட்டேன். உங்க அம்மாகிட்ட நானே வந்து பேசறேன்."

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போ என்று ஒரு தாய் சொல்கிறார், எனக்காக. எத்தனை நாள் யோசித்து இந்த வார்த்தையைச் சேர்த்து வைத்தாரோ!

அதற்கு மேல் எப்படி மூடி வைப்பது? சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல அத்தை. கோளாறு எனக்குத்தான். பிப்ரவரியிலேயே டாக்டர் சொல்லிட்டாங்க. நாங்க தப்பா நெனச்சுட்டோம். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவர்தான் சொன்னார்."

அத்தை முதலில் நம்பவில்லை. "நெசமாவா? என் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள் — யாரைப் பாருங்கள் என்கிறேன்? — வந்தது. உடனே என்னைப் பார்த்தார், அதை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. எழுந்து முகம் கழுவப் போய்விட்டார். வேறு வாழ்க்கை அமைத்துக்கொள் என்ற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. எதற்கு எழும்?

ஆகஸ்ட் 5

இவர் இத்தனை கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"உண்மையைத்தானே சொன்னேன். உங்களை விட்டுட்டுப் போன்னு சொல்றாங்க, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா?"

"ஆமா, உக்காந்திருக்கணும்! உனக்கு ஸ்கேன் பண்ணாங்க, மாத்திரை குடுத்தாங்க, நீ அழுத. நான் என்ன பண்ணேன்? கூட வந்து நாற்காலியில உக்காந்தேன். உனக்குன்னு என்னால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டியே."

உண்மையைச் சொன்னால் அவர் பாரம் குறையும் என்று நினைத்தேன். அதை அவர் பாரமாகவே வைத்திருக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு தரமாவது கேட்டிருக்கலாம் நான்.

ஆகஸ்ட் 9

அத்தை காலையிலிருந்து போனில். முதலில் அண்ணி, பிறகு சித்தப்பா, பிறகு யார் யாரோ. "நம்ம பையனுக்கு ஒரு குறையும் இல்லையாம். டாக்டரே சொல்லிட்டாராம்." என் பெயரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை, புருஷன் பெண்டாட்டி என்று இருப்பது இரண்டு பேர், ஒருவர் இல்லையென்றால் மற்றவர்தானே.

அத்தை என்னை ஒரு சொல் குத்திப் பேசவில்லை. அதையும் எழுதி வைக்க வேண்டும். துணிக்கூடையை மட்டும் இப்போது நான்தான் தூக்குகிறேன்.

ஆகஸ்ட் 30

தானாக வரவில்லை. டெஸ்டும் இல்லை என்றது. பழைய கதை.

செப்டம்பர் 17

நடக்கப் போகிறேன். இவரும் வருகிறார், ஆனால் இரண்டடி முன்னால். பேச்சு தேவைக்கு மட்டும். பால் வாங்கணுமா, சாவி எடுத்தியா. சண்டை போட்டால்கூடத் தேவலை என்றிருக்கிறது. தெருமுனையில் நாய் குறுக்கே வந்தபோது கையை நீட்டி என்னைப் பிடித்தார். நாய் போனதும் விட்டுவிட்டார்.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்று காலை வந்தது. ஜூலைக்கு அப்புறம், மாத்திரை இல்லாமல். டாக்டர் கேட்டால் சந்தோஷப்படுவார். நானும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், குழந்தைக்குச் சம்பந்தமில்லாத சந்தோஷம். யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் இவரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் இந்த வீட்டுச் சுவரெல்லாம் ஒரு சுவரா. "அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்லைங்க. அவ என்ன பண்ணுவா, பாவம்."

கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை.

திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். பாவம் என்றால் என்ன செய்வது? இத்தனை நாளாக அந்தச் சொல் இவருக்கு இருந்தது. அண்ணி சொன்னார், சித்தப்பா சொன்னார், வருகிறவர் போகிறவரெல்லாம் சொன்னார்கள். அப்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டிருக்கிறேன். இவரும் சாப்பிட்டார். ஒருநாளும் பாதியில் எழுந்ததில்லை.

"எப்படிங்க இதைக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

இவர் தட்டில் மிச்சமிருந்த கடைசிக் கவளத்தை வழித்துச் சாப்பிட்டார்.

"முதல் ரெண்டு மூணு தடவை உள்ள எறங்காது" என்றார். "அப்புறம் எறங்கும்."

தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எச்சில் காய்ந்த கையோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.